சுழியோடி ஸெய்னுதீனின் வலது இடுப்பு

கடலுக்குள் இருக்கும் வரைக்கும் ஸெய்னுதீனுக்கு எங்கும் நோவதில்லை. வெளிச்சம் பச்சையாகி, பிறகு மங்கிப் போகிற ஆழத்தில் கடலட்டை பொறுக்கிக்கொண்டு நீந்தும்போது இரண்டு காலும் சொன்னபடி கேட்டன. திரும்பி வந்து மூதூர் இறங்குதுறையில் இடது காலை ஊன்றும்போதுதான் தொடையின் உட்புறத்தில் ஒரு குத்து எழும்பி முழங்கால் வரைக்கும் இறங்கும். அதனால் தன்னுடைய வருத்தத்துக்கும் கடலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்றுதான் அவர் நெடுகிலும் நினைத்தார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

நாற்பதைத் தாண்டி ஒன்றிரண்டு வருடம் ஆன மனிதர். சண்டைக் காலத்தில் ஊரே வெளிக்கிட்டுக் கந்தளாய்ப் பக்கம் போய்க் கிடந்து திரும்பி வந்தபோது, அவருடைய வீட்டில் வலையும் இல்லை, வள்ளமும் இல்லை. சுழியோடப் போகிறவனுக்கு இரண்டும் தேவையில்லை. ஒரே ஒழுங்கையில் வளர்ந்த றிப்தியும் அவரும் ஒன்றாகப் போய் ஒரு முதலாளியின் போட்டில் சேர்ந்தார்கள். முதலில் சங்கு, பிறகு கடலட்டை. முதுகில் கட்டுகிற சாமானை ஊரில் எல்லோரும் ஒக்சிசன் சிலிண்டர் என்பார்கள். உள்ளே இருப்பது அமுக்கி அடைத்த வெறும் காற்றுத்தான்.

இறங்குவதையும் ஏறுவதையும் அவர்களுக்கு யாரும் பழக்கவில்லை. ஒரு சிலிண்டர் முடிந்தால் மேலே வந்து அடுத்ததை மாட்டிக்கொண்டு திரும்ப இறங்கினார்கள். முடியப் போகிறது என்று தெரிந்தால் மீன் மாதிரி ஒரே வீச்சில் மேலே வந்தார்கள். சில நாட்களில் போட்டில் ஏறிய பிறகு தோள்மூட்டும் முழங்கையும் பிழிந்தெடுக்கும். “காத்துப் பிடிச்சிட்டு” என்பார்கள். அதற்கு மருந்து, அந்த ஆளைத் திரும்பவும் கொஞ்சம் ஆழத்துக்குக் கூட்டிப்போய் வைத்திருப்பது. நோவு கரைந்துவிடும். கரைந்துவிட்டதே என்று எல்லோரும் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

இந்தப் புது நோவு அப்படிக் கரையவில்லை. முழங்கால்தான் பழுது என்று முடிவெடுத்து, ஒடிவு முறிவு பார்க்கிற ஒருவரிடம் போய் எண்ணெய் போட்டுக் கட்டினார். பிறகு முழங்காலைப் படம் எடுத்தார். படத்தில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று சொன்னதும் அவருக்கு ஆறுதல் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. இல்லாத வருத்தத்துக்கு நொண்டுகிறவன் என்று ஊர் நினைக்குமே என்று, ஆட்கள் நிற்கிற இடங்களில் பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடந்தார்.

மனைவி றிஷானாவிடம் அந்த நடிப்பு செல்லவில்லை. அவள் சுபஹுத் தொழுகைக்கு முன்பே எழும்பி இரண்டு தேத்தண்ணிக் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கிறவள். குசினியிலிருந்து பார்த்தால் அவர் தொழுகிற இடம் தெரியும். நெற்றி நிலத்தில் படுகிற சுஜூதிலிருந்து எழும்ப அவர் கட்டில் காலைப் பிடிப்பதை முதலில் கண்டாள். அப்புறம், சாரனை மாற்றக் கட்டிலில் குந்துவதைக் கண்டாள். கடைசியாக ஒரு நாள் காலை, செருப்பை மாட்டுவதற்கு அவர் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தாள். அன்றைக்கு இடியப்ப மாவைப் பாதியில் மூடி வைத்துவிட்டு, மூத்த மகள் நுஸ்ரத்திடம் வீட்டைக் கொடுத்து, அவரைத் திருகோணமலை பஸ்ஸில் ஏற்றினாள்.

எலும்பு மூட்டுக் கிளினிக்கில் டொக்டர் ஞானசேகரம் இருந்தார். ஓய்வு பெறுகிற வயதை நெருங்கிய, கனத்த உடம்புக்காரர். காலையிலிருந்து நோயாளிகளைப் பார்த்த களைப்பு அவருடைய கண்ணுக்குக் கீழே தொங்கியது. முழங்காலைத் தொட்டும் பார்க்கவில்லை. ஸெய்னுதீனைப் படுக்க வைத்து, காலை மடித்துத் தொடையை உட்பக்கமாகத் திருப்பினார். ஸெய்னுதீன் “யா அல்லாஹ்” என்று கத்தியது வெளியே வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

“முழங்காலில ஒண்டும் இல்ல,” என்றார் டொக்டர். “பழுது மேல, இடுப்பு மூட்டில. அங்க இருக்கிற நோவை முழங்கால் தன்ர நோவு எண்டு சொல்லும். என்ன தொழில் செய்யிறீங்க?”

“கடல், டொக்டர்.”

“கடலில என்ன?”

“சுழியோடுற.”

டொக்டர் கதிரையை இழுத்துக்கொண்டு அருகே வந்து உட்கார்ந்தார். எத்தனை பாகம் ஆழம், ஒரு நாளில் எத்தனை தரம், ஏறும்போது இடையில் நின்று நின்று வருவதுண்டா என்று கேட்டார். ஸெய்னுதீன் உள்ளதைச் சொன்னார். கேட்கக் கேட்க டொக்டரின் முகம் மாறவில்லை. பேனையை மட்டும் மேசையில் வைத்துவிட்டார்.

ஸ்கேனுக்கு மட்டக்களப்புக்குப் போகச் சொன்னார்கள். வெருகல் தாண்டிப் போகிற பஸ்ஸில் ஜன்னல் கரையில் உட்கார்ந்து, காலை நீட்டவும் ஏலாமல் மடக்கவும் ஏலாமல் ஸெய்னுதீன் போனார். திரும்பி வரும்போது றிஷானா தன்னுடைய மடியில் அவருடைய காலைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் ஊர்க்காரர்கள் இருந்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

திருகோணமலைக் கிளினிக்கில் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு டொக்டர் விளக்கினார். தொடையெலும்பின் மேல் நுனி உருண்டையானது, இடுப்புக் கிண்ணத்துக்குள் உருள்வது. ஆழத்தில் அமுக்கத்தோடு சுவாசிக்கிற காற்று இரத்தத்தில் கரையும். கெதியாக மேலே வந்தால், சோடாப் போத்தலைத் திறந்த மாதிரி அது குமிழாகும். குமிழ்கள் எலும்புக்குப் போகிற மெல்லிய இரத்தக் குழாய்களை அடைக்கும். வருடக் கணக்கில் அப்படி நடந்து, அந்த உருண்டை உள்ளுக்குள்ளேயே செத்துக்கொண்டு வந்திருக்கிறது. இடது பக்கம் ஏற்கனவே நசிந்து தட்டையாகிவிட்டது. வலது பக்கம் செத்த இடம் இருக்கிறது, ஆனால் உருண்டை இன்னும் உருண்டையாகவே இருக்கிறது.

“வலது பக்கம் எனக்கு நோவே இல்லையே, டொக்டர்,” என்றார் ஸெய்னுதீன்.

“நோகாத நேரத்திலதான் அதுக்கு ஏதாவது செய்யலாம். இடதுக்கு இனி மூட்டு மாத்துறதுதான். அதுக்கும் உங்கட வயசுக்கு அவசரப்படுறது நல்லதில்ல, போட்ட மூட்டும் தேயும். இப்ப வலதைப் பார்ப்பம்.”

என்ன செய்யப் போகிறார்கள் என்று றிஷானா கேட்டாள். செத்த இடம் வரைக்கும் எலும்பில் மெல்லிய துளை போடுவது, இடுப்பெலும்பிலிருந்து, எலும்புக்குள் இருக்கிற அவருடைய என்பு மச்சையைக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்து அந்த இடத்தில் வைப்பது, அதோடு அவருடைய இரத்தத்தை இயந்திரத்தில் சுழற்றிப் பிரித்தெடுத்த பிளாஸ்மாவையும் சேர்ப்பது என்று டொக்டர் சொன்னார்.

“சும்மா பிளாஸ்மா இல்ல. பிளேட்லெட் கூடுதலா உள்ளது. டெங்கு வந்தா குறையுது எண்டு பயப்படுவமே, அது.”

றிஷானா நிமிர்ந்தாள். நுஸ்ரத்துக்கு டெங்கு வந்தபோது ஆசுபத்திரி வாட்டில் பிள்ளையோடு கிடந்தவள் அவள். ஒவ்வொரு காலையும் தாதியின் முகத்தைப் பார்த்துப் பிளேட்லெட் எவ்வளவு என்று கேட்டுக் கேட்டு அந்தச் சொல்லை அவளால் மறக்க ஏலாது. “அது ரத்தம் உறையத்தானே எண்டு சொன்னாங்க?”

“ஓம், அதையும் செய்யும். ஆனா காயத்தில போய் ஒட்டின உடன அது தனக்குள்ள வச்சிருக்கிற சில பொருள்களை வெளியில விடும். அந்தப் பொருள்களை நோக்கி மூலக்கலங்கள் நகர்ந்து வரும், வந்து பெருகும். மூலக்கலம் எண்டா இன்னும் என்னவாகிற எண்டு முடிவெடுக்காத கலம், அதாவது செல். எலும்பாகவும் ஆகும், குருத்தெலும்பாகவும் ஆகும். எங்கட மச்சைக்குள்ள கொஞ்சம் இருக்கு.”

“அப்ப இவ்வளவு காலமும் அதுகள் ஏன் தானா வரல்ல?” என்று ஸெய்னுதீன் கேட்டார்.

“வாறதுக்குப் பாதை இல்ல. ரத்தம் போகாத இடம். துளை போட்டாப் பாதை. மச்சையை வச்சா ஆக்கள். அந்த ஆக்களை எழுப்பி வேலைக்கு அனுப்புறதுக்குத்தான் பிளேட்லெட்.”

“சரிவருமா, டொக்டர்?”

டொக்டர் ஞானசேகரம் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டார். “ஆய்வுகூடத்தில கண்ணாடித் தட்டில வச்சுப் பார்த்திருக்கிறாங்க. பிளாஸ்மா விட்ட பக்கத்துக்குக் கலங்கள் நகர்ந்து வருது, கெதியாப் பெருகுது. அது கண்ணால கண்டது. அளவுக்கு மிஞ்சி விட்டா நிண்டும் போகுது. எவ்வளவு விட வேணும் எண்டதில ஆளுக்கொரு கதை சொல்லுறாங்க. கண்ணாடித் தட்டு வேற, உங்கட இடுப்பு வேற. சரிவரும் எண்டு நான் சொல்லேலாது. செய்யாமல் விட்டா இதுவும் மற்றது மாதிரி நசியும், அதை ஓரளவுக்குச் சொல்லலாம். எதைச் செய்தாலும் இனிச் சுழியோட ஏலாது. அதைக் கட்டாயம் சொல்லுவன்.”

வீட்டுக்கு வந்து ஸெய்னுதீன் ஒரு கிழமை யோசித்தார். கடல் அமைதியாகக் கிடந்த காலம். வாடைக்காற்று தொடங்கினால் கடலுக்குள் கலங்கல்தான், ஒன்றும் தெரியாது. அதனால் இந்தச் சில மாதத்தைத்தான் சுழியோடிகள் வருடம் என்று கணக்கெடுப்பார்கள். “வாடைக்குப் பிறகு செய்வம்,” என்றார் கடைசியில்.

“டொக்டர் சொன்னதக் கேட்டீங்கதானே?”

“வலது நோகல்லயே, புள்ள.”

“நோகாட்டி என்ன? படத்தில கண்டுதானே வந்த நாம,” என்றாள் றிஷானா. அவளுக்குச் சண்டை பிடிக்கவும் உடம்பில் தெம்பு மிச்சமில்லை. கழுவிய இடியப்பத் தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிவிட்டுப் போய்ப் படுத்தாள்.

அவர் கடலுக்குப் போனார். ஒரு நாள், இன்னொரு நாள், பிறகு இன்னுமொரு நாள். கீழே போனதும் பழையபடி எல்லாம் சுகம். மணலில் அட்டை கிடந்த தடத்தைப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் காலை அசைக்கும்போது, டொக்டர் சொன்னது வேறு யாருக்கோ சொன்னது மாதிரி இருந்தது. கடைசி நாள் மேலே வந்து போட்டின் விளிம்பைப் பிடித்து எழும்பிய நேரம், காலைத் தூக்கி உள்ளே போட முடியவில்லை. இடது கால் அசையவே இல்லை. ஒரு தரம் முயன்றார், கை வழுக்கித் தண்ணீருக்குள் விழுந்தார். இரண்டாம் தரமும் விழுந்தார். றிப்தி கக்கத்துக்குள் கை கொடுத்து, சிலிண்டரைக் கழற்றிவிட்டு, சுறாவை ஏற்றுவது மாதிரி அவரை இழுத்துப் போட்டின் அடித்தட்டில் கிடத்தினான். ஸெய்னுதீன் அப்படியே மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்தார். அழவில்லை. “என்னக் கொண்டு போய் வீட்ட விடு, மச்சான்,” என்றார்.

சத்திரசிகிச்சை நாளன்று காலையில் அவருடைய கையிலிருந்து கொஞ்சம் இரத்தம் எடுத்தார்கள். அது சுற்றுகிற இயந்திரத்துக்குள் போய்த் திரும்பி வந்தபோது, ஒரு சிறிய குழாயில் வெளிறிய மஞ்சளாக, கஞ்சித் தெளிவு போல ஒரு திரவம் இருந்தது. இதுதானா என்று பார்த்தார். இவ்வளவும்தானா என்றும் நினைத்தார். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்க வைத்தார்கள். நினைவு இருந்தது. பச்சைத் துணிக்கு அந்தப் பக்கத்தில், யாரோ சுவரில் ஆணி அடிக்கத் துளை போடுகிற மாதிரிச் சத்தம் கேட்டது. அது தன்னுடைய எலும்பு என்று தெரிந்தும் ஒன்றும் உணர முடியாமல் இருந்ததுதான் அவருக்குப் பயமாக இருந்தது. ஓதத் தெரிந்ததையெல்லாம் ஓதினார். கொஞ்ச நேரத்தில் ஓதியதையே திரும்பவும் ஓதிக்கொண்டிருந்தார்.

வெட்டிய இடம் சின்னது. கஷ்டம் எல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது. துளை போட்ட வலது காலில் பாரம் விழக்கூடாது, உள்ளே எலும்பு கட்டுகிற வரைக்கும் அந்த உருண்டை நசியாமல் இருக்க வேண்டும். சாதாரணமாக அப்படியென்றால் மற்றக் காலை ஊன்றிக் கக்கத்தில் தடி வைத்து நடக்கலாம். ஸெய்னுதீனுக்கு மற்றக் கால்தான் கெட்ட கால். காப்பாற்ற வேண்டிய காலைக் காப்பாற்ற, நசிந்த கால் வேலை செய்ய வேண்டியிருந்தது. கட்டிலிலிருந்து சில்லுக் கதிரைக்கு மாறுகிற அந்தச் சிறிய தூரத்துக்கே இடது இடுப்பு அவரைப் பிழிந்து போட்டுவிடும். கதிரையில் உட்கார்ந்ததும் வியர்வை வடிய, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கிடப்பார்.

மிச்ச வேலையெல்லாம் றிஷானாவின் தலையில் விழுந்தது. மலம் கழிக்க இருத்துவது, கழுவி விடுவது, குளிக்க வார்ப்பது, எழும்பக் கை கொடுப்பது. கடைகளுக்கு இடியப்பம் போவது நிற்கவில்லை, நிற்கவும் ஏலாது. நுஸ்ரத் பள்ளிக்கூடம் போகும் முன்பு மாவைப் பிழிந்து கொடுத்துவிட்டுப் போனாள். ஒரு நாள் மத்தியானம் றிஷானா அவருக்குச் சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்தவள், கையைப் பீங்கானில் வைத்தபடியே உட்கார்ந்து நித்திரையாகிவிட்டாள். அவர் எழுப்பவில்லை. பசித்தது. ஆனாலும் எழுப்பவில்லை. அவளாக விழித்து, “எவ்வளவு நேரம் இப்பிடி இருந்தன்?” என்று கேட்டபோது, “இப்பத்தான்,” என்று பொய் சொன்னார்.

அந்த நாட்களில் அவர் தன்னுடைய இடுப்புக்குள் நடப்பதைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பார். அந்த மஞ்சள் தண்ணீர் எங்கே போயிருக்கும்? கலங்கள் நகர்ந்திருக்குமா, அல்லது வைத்த இடத்திலேயே சும்மா கிடக்குமா? ஒரு நகக்கண் அளவு இடம். அதற்குள் என்ன நடக்கிறது என்று அவருக்கும் தெரியாது, டொக்டருக்கும் தெரியாது. உடம்புக்குள்ளேயே இருக்கிற ஒரு இடம் இவ்வளவு தூரத்தில் இருக்குமா என்று றிஷானாவிடம் ஒரு முறை கேட்டார். அவள், “நீங்க யோசிச்சா அது கெதியா வளருமா? கொஞ்சம் படுங்க,” என்றாள்.

ஜும்ஆத் தொழுகைக்குப் போவதையும் அவர் விட்டிருந்தார். பள்ளியில் பின்வரிசையில் கதிரை போட்டுத் தொழுகிற ஆட்கள் இருக்கிறார்கள், எல்லாம் வயசாளிகள். அவர்களுக்கு நடுவில் போய் இருக்க மனம் வரவில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, யாரும் சொல்லாமலே, சில்லுக் கதிரையைத் தள்ளச் சொல்லிப் போனார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த மனிதர் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டார், அவ்வளவுதான். இவ்வளவு நாளும் எதற்காக வீட்டுக்குள் கிடந்தோம் என்று யோசிக்க, திரும்பி வரும்போது அவருக்கு இன்னும் களைப்பாக இருந்தது.

றிப்தி அடிக்கடி வந்து பார்த்துவிட்டுப் போவான். வாசலில் செருப்பைக் கழற்றி, கதிரையில் உட்கார்ந்து கடல் கதை சொல்லுவான். ஒரு நாள் எழும்பும்போது அவன் கதிரையின் கையைப் பிடித்து ஒரு கணம் நின்று, பிறகு முழங்காலைத் தேய்த்துவிட்டு நடந்ததை ஸெய்னுதீன் கண்டார்.

“எவ்வளவு காலமா?” என்று கேட்டார்.

“என்னது?”

“முழங்கால்.”

“அது சும்மா, மச்சான். போட்டில அடிபட்டது.”

“றிப்தி, எனக்கும் முழங்கால்தான் நொந்த. நீ போய் இடுப்பைப் படம் எடு.”

றிப்தியின் முகம் சுருங்கியது. “உங்களுக்கு வந்தா எல்லாருக்கும் வரணுமா? சீசன் நேரம் என்ன படுக்கப் போட்டுட்டு என்ட வீட்டுக்கு ஆர் பாக்கிற? உங்களுக்கு றிஷானா மச்சி இடியப்பம் அவிச்சாவது தருவா.” சொன்ன பிறகு, சொல்லியிருக்கக் கூடாது என்று அவனுக்கே தெரிந்தது. ஆனாலும் திருப்பி எடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு வரவில்லை.

கோபம் வரவில்லை ஸெய்னுதீனுக்கு. அவன் சொன்னதில் இருந்த உண்மைதான் சுட்டது. வாடைக்குப் பிறகு செய்வம் என்று தானும் சொன்ன ஆள்தானே. ஆனால் அந்த நொண்டலைக் கண்ட பிறகு நித்திரையும் சரியாக வரவில்லை. கடைசியில் றிஷானாவைக் கேட்டார். அவள் ஒரு பின்னேரம் இடியப்பப் பெட்டியைத் திருப்பி எடுக்கப் போன வழியில், றிப்தியின் வீட்டுக்குப் போய் அவனுடைய மனைவி பஸ்மியாவோடு குசினியில் உட்கார்ந்து கதைத்தாள். பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. ஸெய்னுதீனை ஒவ்வொரு நாளும் கழுவி விடுவதைப் பற்றி மட்டும் சொன்னாள், எதையும் மறைக்காமல். பஸ்மியா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “ராத்தா, இவரும் இப்ப கட்டிலப் புடிச்சுத்தான் எழும்புற,” என்றாள்.

றிப்தியை அசைக்க பஸ்மியாவுக்கு வாடைக்காற்று வரைக்கும் எடுத்தது. படம் எடுத்தபோது அவனுக்கும் ஒரு பக்க இடுப்பில் செத்த இடம் இருந்தது, சின்னது, ஆரம்பம். டொக்டர் ஞானசேகரம் அவனுக்கும் அதே கதையைச் சொன்னார். சரிவரும் என்று சொல்லவில்லை, இனி இறங்கக்கூடாது என்று மட்டும் உறுதியாகச் சொன்னார். றிப்தி இறங்குவதை விட்டான். இப்போது மேலே நின்று எஞ்சின் பிடிக்கிறான். கீழே போனவர்கள் கெதியாக ஏறி வந்தால் கெட்ட வார்த்தையில் ஏசுகிறான் என்று கேள்வி. ஸெய்னுதீனிடம் வந்து மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. நோன்புப் பெருநாளன்று ஒரு பாத்திரத்தில் வட்டிலப்பத்தோடு வந்து, பழையபடி கதிரையில் உட்கார்ந்தான். இருவரும் கிரிக்கெட் பார்த்தார்கள்.

சத்திரசிகிச்சை முடிந்து அரை வருடத்தில் இரண்டாவது ஸ்கேன். திரும்பவும் வெருகல் தாண்டிப் பஸ், திரும்பவும் அந்த ஸ்கேன் குழாய்க்குள் படுத்துக் கேட்கிற தட்டல் சத்தம். டொக்டர் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். றிஷானா அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், டெங்கு வாட்டில் தாதியைப் பார்த்த மாதிரி.

“நசியல்ல,” என்றார் டொக்டர். “உருண்டை உருண்டையாவே இருக்கு. செத்த இடம் முந்தியவிடக் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. ஓரத்தில புது எலும்பு வந்திருக்கு.”

“அப்ப அது வேல செஞ்சிருக்கு?” என்றாள் றிஷானா.

“ஏதோ ஒண்டு வேலை செய்திருக்கு. துளையா, மச்சையா, பிளாஸ்மாவா, இல்லாட்டி உங்கட மனுசன் பாரம் போடாமல் இருந்ததா எண்டு என்னால பிரிச்சுச் சொல்லேலாது. எல்லாம் சேர்ந்துதான் இருக்கும். முழுக்க மாறின எண்டும் இல்ல. வருசா வருசம் பார்க்க வேணும்.”

ஸெய்னுதீன் சந்தோசப்பட்டாரா என்றால், பட்டார்தான். ஆனால் எப்படிப் பட வேண்டும் என்று அவருக்கு மறந்துபோயிருந்தது. “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். பிறகு இடதுக்கு எப்போது என்று கேட்டார். வரிசையில் பெயர் இருக்கிறது, கூப்பிடுவார்கள் என்று சொன்னார்கள். இன்னும் கூப்பிடவில்லை.

றிஷானாவின் தம்பி வெளிநாடு போகும்போது விட்டுவிட்டுப் போன ஓட்டோ ஒன்று முற்றத்தில் தகரத்துக்குக் கீழே கிடந்தது. ஓட்டோவுக்குப் பிரேக் வலது காலில். இடது காலுக்கு அதில் வேலை இல்லை, சும்மா இருந்தால் போதும். வலது காலை ஊன்றலாம் என்று டொக்டர் சொன்ன பிறகு, ஸெய்னுதீன் அதைத் துடைத்து, டயர் மாற்றி, ஒழுங்கைக்குள் ஓட்டிப் பார்த்தார். ஏறுவதும் இறங்குவதும்தான் பெரிய பாடு. ஏறி இருந்துவிட்டால் பின்னேரம் வரைக்கும் அப்படியே இருக்கலாம். கிளிவெட்டிப் பக்கம் வயலுக்குப் போகிறவர்களையும், ஆசுபத்திரிக்குப் போகிறவர்களையும் ஏற்றுகிறார். பிள்ளைத்தாய்ச்சிகள் அவருடைய ஓட்டோவைத் தேடி ஏறுவார்கள், குழிகளில் அவ்வளவு மெதுவாக விடுவார். அது அவர்களுக்காக மட்டும் இல்லை, தன் இடுப்புக்கும் சேர்த்துத்தான் என்று அவர் யாருக்கும் சொல்லுவதில்லை.

போன மாதம் கிளினிக் நாள் வந்தபோது பஸ்ஸுக்குப் போகவில்லை. றிஷானாவைப் பின்னால் இருத்தி, தானே ஓட்டோவை ஓட்டிக்கொண்டு கிண்ணியா வழியாகத் திருகோணமலைக்குப் போனார். டொக்டர் ஞானசேகரம் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். புது டொக்டர் முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டார். என்ன தொழில், எத்தனை பாகம், எப்படி ஏறுவீர்கள். ஸெய்னுதீன் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். வலது அப்படியே இருக்கிறது, இடதுக்குப் பொறுத்திருக்க வேண்டும் என்றார்கள்.

திரும்பி வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. கிண்ணியாப் பாலத்தில் காற்று பலமாக அடித்தது. கண்ணாடியில் பார்த்தார். றிஷானா மருந்துப் பையை மடியில் வைத்து, முக்காடு சரிந்து, வாய் கொஞ்சம் திறந்தபடி நித்திரையாக இருந்தாள். தலை கம்பியில் இடிபட்டுக்கொண்டிருந்தது. அவர் வேகத்தைக் குறைத்தார். பின்னால் வந்த லொறி ஹோன் அடித்துவிட்டு முந்திப் போனது, அதற்கு அடுத்து ஒரு பஸ்ஸும் போனது.

ஹோன் சத்தத்தில் அவள் கண் திறக்காமலே கேட்டாள். “ஊருக்கு வந்தாச்சா?”

“இல்ல, இன்னும் கன தூரம்.”

“அப்ப என்ன எழுப்பாதீங்க,” என்று சொல்லிவிட்டு, பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மற்றப் பக்கமாகச் சாய்ந்தாள்.

அவர் ஓரத்தைப் பிடித்து மெதுவாக ஓட்டினார்.